சத்தியம் வரிக்கு மட்டும்

அஹிஹிக், மெக்சிகோ
ஏப்ரல் 16, 2024

ஆர்டிஸ்,

ஏழு வருடம் கழித்துக் கடிதம் எழுதுகிறவன் முதலில் அக்காவிடம் நலம் விசாரிக்க வேண்டும். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. போன வியாழக்கிழமை ஒரு கூடம் நிறைய ஆட்கள் பார்க்கக் கையைத் தூக்கினேன். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பதென்று இன்றுவரை தெரியவில்லை.

இந்த ஏரிக்கரையில் எங்கள் அமெரிக்கர் சங்கம் மாதம் ஒரு முறை கூடும். ஆளுக்கொரு பண்டம் செய்துகொண்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. எல்லோரும் உருளைக்கிழங்கு சாலட்டைத்தான் கொண்டுவருவார்கள். அன்றைக்குக் குவாதலஹாராவிலிருந்து வரி ஆலோசகர் அம்மாள் ஒருவர் பேச வந்திருந்தார். சிரித்த முகம்.

"இங்க குடிவந்ததுலேருந்து நம்ம அரசாங்கத்துக்கு வரிக்கணக்கே அனுப்பாதவங்க யாராச்சும் இருக்கீங்களா? வெக்கப்படாம கையைத் தூக்குங்க" என்றார்.

நான் வெட்கப்படாமல் தூக்கினேன். பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி முழங்கை மடங்காமல், கூடவே ஒரு கண்ணையும் சிமிட்டிக்கொண்டு. கூடம் முழுக்கக் கைகளாக எழும்பும் என்று நினைத்தேன். எழும்பியது ஒரே கை. சாலட் மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள்.

"எத்தனை வருஷமா?" என்றார் அந்த அம்மாள்.

"வந்ததுலேருந்து. ஏழு வருஷம்."

"வேலை ஏதாவது பாக்குறீங்களா?"

"பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் வாத்தியார்."

அவர் உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் அதை விட்டு எழுந்து வெளியே போய்விட்டது. "கூட்டம் முடிஞ்சதும் நீங்க மட்டும் கொஞ்சம் இருங்க" என்றார். நான் இருக்கவில்லை. என் சாலட் கிண்ணத்தைக்கூட எடுக்காமல் ஓடிவந்துவிட்டேன்.

ஆர்டிஸ், இங்கே உழைக்கிறேன், இங்கே தின்கிறேன், இங்கே சம்பளத்திலேயே வரி பிடித்துக்கொள்கிறார்கள். வந்த புதிதில் மதுக்கடையில் ஒருவன், "வெளிநாட்டுச் சம்பளத்துக்கு நம்ம ஊர்ல வரி கிடையாதுப்பா, நிம்மதியா குடி" என்றான். நிம்மதியாகக் குடித்தேன்.

இதோடு போயிருந்தால் என் மானம் மட்டும்தான் நஷ்டம். இங்கே வெளிவரும் ஆங்கில மாத இதழில் நான் வேடிக்கைப் பத்தி எழுதுகிறேன். சன்மானம் ஒரு மதியச் சாப்பாடு. அதில் இரண்டு வருடத்துக்கு முன்னால், 'ஏரிக்கரைக்கு வந்தவனுக்கு வரிப்படிவம் கனவில்கூட வராது' என்று எழுதிவைத்தேன். பக்கத்து வீட்டு வென்டெல், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற கிழவர், அதைக் கத்தரித்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார். அவரும் அன்றோடு கணக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டாராம்.

தெரிந்தவர்களில் இதைக் காட்டக்கூடிய ஒரே ஆள் நீ. ஜனவரியிலிருந்து ஊரார் வரிக்கணக்கையெல்லாம் எழுதிக் களைத்து, நேற்றோடு கெடு முடிந்து, இன்றைக்குத் தூங்கிக்கொண்டிருப்பாய். அதனால்தான் இன்றைக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணட்டுமா?

உங்கள் தேவாலயத்தின் கிறிஸ்துமஸ் ஆராதனையை இணையத்தில் பார்த்தேன். வருடா வருடம் பார்ப்பேன், சொன்னதில்லை. இந்த முறை பாடகர் வரிசையில் உன் இடத்தில் வேறு யாரோ நின்றாள். உன் தனிப்பாட்டையும் அவளே பாடினாள், பாவம். காய்ச்சலா?

இந்தக் கடிதத்தை டெக்சஸ் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். வடக்கே போகிறவர்களின் கைப்பைதான் எங்கள் தபால் நிலையம்.

உன் தம்பி
டெல்மர்


துலூத், மினசோட்டா
மே 6, 2024

டெல்மர்,

போன் பண்ணாதே. ஞாயிறும் வேண்டாம், வேறு நாளும் வேண்டாம். எழுது. எழுத்தில் இருந்தால் பிற்பாடு நீ மாற்றிச் சொல்ல முடியாது.

காய்ச்சல் இல்லை.

உன் மதுக்கடை நண்பர் பாதி உண்மை சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் உழைத்து வாங்கும் சம்பளத்துக்குப் பெரிய விலக்கு உண்டு. உன் வாத்தியார் சம்பளம் அந்த வரம்பின் கணுக்காலுக்குக்கூட எட்டாது. ஆகவே நீ கட்ட வேண்டிய வரி பூஜ்யமாகத்தான் இருக்கும். ஆனால் விலக்கு, கேட்டவனுக்குத்தான் கிடைக்கும். கேட்பது என்றால் கணக்கு அனுப்புவது. "என்னிடம் ஒன்றும் இல்லை" என்று எழுதிப் போடுவதற்கு ஏழு வருடமாகச் சோம்பல்பட்டிருக்கிறாய். குடியுரிமை என்ன குளிர்காலக் கோட்டா, எல்லையில் கழற்றி மாட்டிவிட்டுப் போக?

தெரியாமல் விட்டவர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கடைசி மூன்று வருடக் கணக்கு. ஆறு வருட வெளிநாட்டு வங்கி விவரம். அத்துடன், ஏன் அனுப்பவில்லை என்று உன் சொந்த வார்த்தைகளில் ஒரு வாக்குமூலம். பொய்யென்றால் தண்டனைக்கு உடன்படுகிறேன் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே உண்மை மட்டும் எழுது. வேடிக்கை வேண்டாம். உன்னால் முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

உன் மெக்சிகோ வங்கிக் கணக்கில் எப்போதாவது பத்தாயிரம் டாலருக்கு மேல் இருந்ததா? ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்.

வென்டெல் என்பவருக்கு வருவது ஓய்வூதியம். அந்த விலக்கு ஓய்வூதியத்துக்குக் கிடையாது. அவருக்குக் கட்ட வேண்டியிருக்கலாம். இதை நீயே நேரில் போய் அவரிடம் சொல். அவர் காகிதங்களையும் அனுப்பு, சேர்த்துப் பார்க்கிறேன். அதே இதழில், அதே அளவு எழுத்தில், தப்பாக எழுதினேன் என்று போடு.

கடைசியாக ஒன்று. ஊரைவிட்டுப் போகும்போது இங்கத்திய பத்திரிகையில் உன் கடைசிப் பத்தியில், அம்மாவின் சவப்பெட்டிக்கும் நான் ரசீது கேட்டதாக எழுதினாய். கேட்டேன். சடங்குச் செலவை அம்மா விட்டுப்போன பணத்திலிருந்து எடுக்க ரசீது காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பாதி உன் சட்டைப்பையிலிருந்து போயிருக்கும். அதற்கப்புறம் ஆறு மாதம் மளிகைக் கடையில் என்னைப் பார்த்தவர்களெல்லாம் "ரசீது வேணுமா ஆர்டிஸ்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போது என்னால் சிரிக்க முடிந்தது.

ஆர்டிஸ்


அஹிஹிக்
மே 27, 2024

அன்புள்ள ஆர்டிஸ்,

பத்தாயிரம் டாலரா? என்னைப் பற்றி உனக்கு இவ்வளவு உயர்ந்த எண்ணம் இருப்பது தெரியாமல் போயிற்று. இல்லை.

வென்டெலிடம் போனேன். தோட்டத்தில் எலுமிச்சைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை ஒரே செடிக்கு விட்டுக்கொண்டிருந்தார். செடி மிதந்தது.

"நீ எழுதியிருந்தே" என்றார்.

"எழுதினேன். தப்பு. தெரியாம எழுதிட்டேன்."

"பேப்பர்ல வந்தா நெசம்னு நெனைக்கிற காலத்து ஆளு நான். முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினேன் டெல்மர். ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டினதில்ல. உன்னால தாண்டிட்டேன்."

குழாயை நான் போய் மூடினேன். அவர் காகிதங்கள் இத்துடன் இருக்கின்றன. காலணிப் பெட்டிக்குள் அவ்வளவு ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கும் மனிதரை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்த கையாலேயே இதையும் எழுதுகிறேன்.

என் வாக்குமூலம்: "எல்லையைத் தாண்டியதும் அரசாங்கத்துக்கு என்மேல் அக்கறை விட்டுப்போயிருக்கும் என்று நம்பினேன். என் மனைவிக்கு எல்லை தாண்டாமலேயே விட்டுப்போயிருந்தது, ஆகவே நம்ப இடமிருந்தது. தவிர, ஏரியில் பெலிகன் பறவைகள் கூட்டமாக வந்து இறங்குவதைப் பார்க்கும் ஒருவனுக்குப் படிவங்கள் ஞாபகம் வருவது இயற்கைக்கு விரோதம்." எப்படி? அங்கே ஒரு அதிகாரியாவது சிரித்துவிட்டால் காரியம் ஆனது போலத்தான்.

இங்கே வேறு செய்தி ஒன்றுமில்லை. நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி டோன்யா சோலேவுக்கும் (இங்கே டோன்யா என்றால் அம்மாள், டான் என்றால் ஐயா) எனக்கும் சமையலறையில் ஒரு தகராறு. பட்டை கிராம்பு போட்டு மண்பானையில் அவள் காய்ச்சும் காபிக்கு நான் அடிமை என்று உலகறியும். "டான் டெல்மர், கிராம்பு டப்பா ஏன் வாரத்துக்கு வாரம் இளைக்குது? எலி கிராம்பு தின்னு நான் பாத்ததில்ல" என்கிறாள். சோலேவைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போய் வந்ததில் எனக்குக் கொஞ்சம் மன்னிப்பு கிடைத்தது. எங்கள் டாக்டர் இட்செலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். பூ விழுந்த மாதிரி கை. எனக்கு ரூட் கெனால் செய்தபோது நடுவில் தூங்கிக் குறட்டையே விட்டுவிட்டேன் என்றால் பார்த்துக்கொள். உங்கள் ஊரில் கேட்பதில் கால்வாசிதான் கூலி. பாதிச் சங்கம் இங்கே குடியிருப்பது ஏரிக்காக அல்ல, கடைவாய்க்காக.

ஒரு தப்பும் செய்துவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை உன் அலுவலகத்துக்கு யாரோ வாடிக்கையாளர் மாதிரி போன் போட்டேன். உன் குரலைக் கேட்டு வெகுநாளாயிற்று. நீதான் எடுத்தாய். அலுவலகத்தின் பெயரைச் சொல்வதற்குள் உன் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கின, நடுவில் காற்று வேறு. மணி பதினொன்றுகூட ஆகவில்லை, ஆர்டிஸ். நம் குடும்பத்தில் குடிக்கிற ஆள் நான் ஒருவன்தான் என்று இத்தனை நாள் கர்வமாக இருந்தேன். துணை கிடைத்ததில் சந்தோஷம். போதகரிடம் சொல்ல மாட்டேன்.

டெல்மர்


துலூத்
ஜூன் 20, 2024

டெல்மர்,

உன் வாக்குமூலத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மையில் அடிக்காமல் விட்டிருப்பது உன் பெயரும் பிறந்த தேதியும்.

வென்டெலின் கணக்கு முடிந்தது. கொஞ்சம் கட்ட வேண்டியிருக்கிறது, பயப்படும்படி இல்லை. அவரிடம் தனியாக எழுதிச் சொல்லிவிட்டேன். என் கூலி அவரிடம் வாங்கவில்லை. அது உன் பங்கு.

நான் குடிக்கவில்லை. மறுபடி போன் செய்தால் உன் காகிதங்களை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன்.

பாடகர் குழுவிலிருந்து நின்றுவிட்டேன். அதைப் பற்றி நீ கேட்க வேண்டாம்.

ஆர்டிஸ்


அஹிஹிக்
ஜூலை 10, 2024

அன்புள்ள ஆர்டிஸ்,

உன் கடிதம் வந்தபோது சமையலறையில் சோலேயோடு உட்கார்ந்திருந்தேன். என் வாய்க்குச் சும்மா இருக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். போனில் நீ பேசிய மாதிரி அவளிடம் பேசிக் காட்டினேன். சொற்கள் வழுக்குவது, நடுவில் காற்று கசிவது, எல்லாம். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு தடவை பேசுங்க."

பேசினேன்.

"உங்க அக்கா குடிக்கலை, டான் டெல்மர். அவங்களுக்கு முன்பல்லு இல்ல."

"உனக்கெப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷம் எனக்கும் இல்லியே. அப்ப எப்படிப் பேசுவேன், ஞாபகம் இல்லியா? வாயைக் கையால மூடிட்டே பேசுவேன். நீங்க அதையும் கேலி பண்ணுவீங்க."

பண்ணியிருக்கிறேன். அன்றைக்கு ராச்சாப்பாடு அவள் எனக்குப் போடவில்லை, நானும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸில் நீ வரிசையில் இல்லாதது, போன் வேண்டாம் என்றது, 'அப்போது என்னால் சிரிக்க முடிந்தது' என்றது, எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தேன். எழுத்தைத் தொழிலாகக் கொண்டவன் இத்தனையையும் படித்துவிட்டு உன்னைக் குடிகாரி என்று எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றி இனி நீ என்ன நினைத்தாலும் குறைத்துத்தான் நினைத்திருப்பாய்.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. சரியாக இருந்தால் இங்கே வா. டாக்டர் இட்செலிடம் நான் பேசிவைக்கிறேன். விமானச் செலவையும் சேர்த்தாலும் உங்கள் ஊர்க் கூலியில் பாதிகூட ஆகாது. வலியைப் பற்றி யோசிக்காதே. நான் உத்தரவாதம்.

வாக்குமூலத்தைத் திருப்பி எழுதினேன். பெலிகன்கள் பறந்துவிட்டன. இதுதான்:

"வரிக்கணக்கு அனுப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. மதுக்கடையில் ஒருவர் தேவையில்லை என்றார். அது எனக்கு வசதியாக இருந்ததால் நம்பினேன். சரிதானா என்று கேட்டிருக்கலாம். என் அக்கா இதையே தொழிலாகச் செய்பவள். கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். அவளை நான் பத்திரிகையில் எழுதிக் கேலி செய்திருந்தேன். அதனால் அவளிடம் கேட்க வெட்கமாக இருந்தது. வேறு காரணம் இல்லை."

டெல்மர்


துலூத்
ஆகஸ்டு 5, 2024

டெல்மர்,

உன் இரண்டாவது வாக்குமூலத்தில் சிவப்பு மை படவில்லை. படித்துவிட்டுப் பேனாவை மூடிவைத்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் குறி வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கும் வரி பூஜ்யம். போட்டு அனுப்பிவிடு. அவர்களிடமிருந்து பதில் எதுவும் வராது. பதில் வராததுதான் நல்ல செய்தி.

உன் வீட்டுச் சொந்தக்காரி சொன்னது சரி.

டிசம்பரில் பாடகர் குழு ஒத்திகையின்போது, கூடப் பாடும் டோரிஸ் தன் வீட்டில் செய்த காரமெல் மிட்டாய் ஒன்று கொடுத்தாள். மறுத்தால் வருத்தப்படுவாள். முன்னால் இருந்த நாலு கட்டுப்பல்லும் அதோடு வந்துவிட்டன, தாங்கிக்கொண்டிருந்த சொந்தப் பல் ஒன்றும் வேரோடு உடைந்தது. எல்லாவற்றையும் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு, தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். டோரிஸுக்கு இன்னும் தெரியாது. மிட்டாய் பிடித்ததென்று நினைத்துப் போன வாரம் இன்னொரு டப்பா அனுப்பினாள்.

இங்கே டாக்டரின் அலுவலகத்தில் விலை சொன்ன பெண்ணிடம், நான் கார் வாங்க வரவில்லை, மெல்ல வந்தேன் என்றேன். அவள் தவணைத் திட்டம் இருக்கிறது என்றாள். வருடத்தில் நாலைந்து மாத வேலைக்கு யாரும் பல் காப்பீடு கொடுப்பதில்லை. உடம்புக்கென்று நான் கட்டும் காப்பீட்டில் பல் உடம்பில் சேர்த்தியில்லை.

முகக்கவசத்தை மறுபடி மாட்டிக்கொண்டேன். ஒவ்வாமை என்று சொல்லிவைத்தேன். வாடிக்கையாளர்கள் என்னை ஜாக்கிரதையான பெண்மணி என்று புகழ்கிறார்கள். எட்டு மாதமாக யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. போன மாதம் தேவாலயத்தில் மேரி லூவின் கணவருக்கு இறுதிச் சடங்கு நடந்தது. எனக்குத் தெரிந்த பாட்டுத்தான். கவசத்துக்குள் வாயை மட்டும் அசைத்தேன். பிறர் அழுவதற்கு வெட்கப்படாமல் அழுதார்கள், நான் பாடுவதற்கு வெட்கப்பட்டு நின்றேன்.

உன்னிடம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உனக்கே தெரியும். நீ இதை வைத்து ஒரு பத்தி எழுதிவிடுவாய். நன்றாகவும் எழுதிவிடுவாய்.

மெக்சிகோவுக்குப் பல் கட்டப் போனாள் என்று ஊரில் பேசுவார்கள். தம்பியைப் பார்க்கப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஏழு வருடமாகப் பார்க்காத தம்பி என்பதால் அதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

உண்மையாகவே வலிக்காதா? உனக்கு அவர் செய்ததை விவரமாக எழுது. எதையும் விடாதே. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெண்ட் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் ஒன்றாம் தேதி வருகிறது. தனிப்பாட்டுக்கு இன்னும் யாரையும் போடவில்லை என்று பாடகர் குழு ஆசிரியர் சொன்னார்.

ஆர்டிஸ்


அஹிஹிக்
ஆகஸ்டு 28, 2024

அன்புள்ள ஆர்டிஸ்,

எழுத மாட்டேன். பத்தி கிடையாது. உன் வாயிலிருந்து ஒரு பல்லும் என் எழுத்துக்குள் வராது.

இதழில் திருத்தம் வந்துவிட்டது, அதே அளவு எழுத்தில். 'வரியைப் பற்றி நான் எழுதியது தவறு. என்னை நம்பியவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கணக்கை அனுப்புங்கள்.' இவ்வளவுதான். நான் எழுதியதிலேயே மட்டமான பத்தி என்று ஆசிரியர் சொன்னார், அந்த மாதச் சாப்பாட்டையும் வெட்டிவிட்டார். வென்டெல் பழையதைக் கிழித்துவிட்டு இதைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறார். "காலை வணக்கம்" என்றார். மூன்று மாதம் கழித்துக் கிடைத்த வணக்கம்.

விவரமாக எழுதச் சொன்னாய். முதலில் எறும்பு கடித்த மாதிரி ஒரு ஊசி. பிறகு அரை முகம் உன்னுடையது இல்லை என்று ஆகிவிடும். தலைக்குமேல் விளக்கு. நர்ஸ் ரேடியோ போடுவாள், யாரோ காதலில் தோற்றவன் பாடிக்கொண்டிருப்பான். எழுந்து வரும்போது பசிக்கும். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க வேண்டும். மறுநாள் டமாலி, அதாவது இந்த ஊர்ச் சோளமாவுக் கொழுக்கட்டை, சாப்பிடலாம். இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை என்பதுதான் விவரமே.

உடைந்த வேர் ஒரு நாள், அளவெடுப்பது ஒரு நாள், கட்டுவது ஒரு நாள். பத்து நாள் இருந்தால் போதும் என்கிறார். அக்டோபரில் வா. மழை நின்று மலை பச்சையாக இருக்கும். சோலே மெல்ல வேண்டாத சாப்பாடாக ஒரு பட்டியல் போட்டுவிட்டாள். கிராம்பு டப்பாவை மட்டும் இப்போது தன் படுக்கையறையில் வைத்துப் பூட்டுகிறாள். நான் கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

விமான நிலையத்தில் நிற்பேன். கவசத்தோடு நிற்கிறவள்தான் நீ என்று தெரியும்.

டெல்மர்


துலூத்
நவம்பர் 9, 2024

அன்புள்ள டெல்மர்,

வந்து சேர்ந்தேன். இங்கே பனி பெய்கிறது. கவசத்தைக் குப்பையில் போட்டேன். டோரிஸ் என்னைப் பார்த்து, "ஒவ்வாமை போயிடுச்சு போலிருக்கே" என்றாள். போய்விட்டது என்று சொல்லி ஒரு மிட்டாய் எடுத்துக்கொண்டேன். கோட்டுப் பையில் போட்டேன்.

சோலேயிடம் சொல், கடைசி நாள் அவள் சமையலறையில் நான் பாடிப் பார்த்தபோது அவள் அழுதது வெங்காயத்தால் இல்லை என்று எனக்குத் தெரியும். வென்டெலிடம் சொல், அடுத்த வருடக் காகிதங்களை ஜனவரியிலேயே அனுப்பட்டும். நீயும்தான்.

டாக்டர் இட்செலிடம் நான் ரசீது கேட்டபோது நீ சிரித்தாய். வைத்தியச் செலவு வெளிநாட்டில் செய்ததானாலும் கணக்கில் கழிக்கலாம், ஆனால் என் வருமானத்துக்கு அது பிரயோஜனப்படாது. தெரிந்துதான் கேட்டேன். ரசீது ரசீதுதான். நீ சிரித்தபோது நானும் சிரித்தேன், வாயைத் திறந்து. உனக்கு ஞாபகம் இருக்கட்டும்.

இனி நீ ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்யலாம்.

ஒரு விஷயம் பாக்கி. கடைசி நாள் நீ வண்டி எடுக்கப் போயிருந்தபோது டாக்டரிடம், என் தம்பிக்கு நீங்கள் செய்த ரூட் கெனாலைப் பற்றிக் கேட்டுத்தான் எனக்குத் தைரியம் வந்தது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க தம்பியா? ஏழு வருஷமா எங்க வரவேற்பறைக்கு வர்றார். ஊர்ல பாதிப் பேரை அவர்தான் கூட்டிட்டு வர்றார். பத்திரிகை படிப்பார், சோபாவுல தூங்குவார், குறட்டையும் விடுவார். ஒரு தடவைகூட உள்ள வந்ததில்ல. ஜனவரியில நேரம் வாங்குவார், பிப்ரவரியில வேணாம்னு சொல்லிடுவார்" என்றார்.

அந்த ஊசி, விளக்கு, ரேடியோ எல்லாம் சோலே உனக்குச் சொன்னதா?

உன் வாக்குமூலத்தில் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தேன். உன் வாயைச் சரிபார்க்கத் தோன்றவில்லை. விளக்கம் எழுது. வேடிக்கை வேண்டாம்.

ஆர்டிஸ்


அஹிஹிக்
டிசம்பர் 1, 2024

அன்புள்ள ஆர்டிஸ்,

பார்த்தோம். வென்டெல், சோலே, நான், ஒரு மடிக்கணினி. வென்டெல் இதற்காக டை கட்டிக்கொண்டு வந்தார். உன் தனிப்பாட்டு தொடங்கும்போது படம் ஒரு நொடி நின்றுபோனது. சோலே கணினியை அடிக்கக் கை ஓங்கிவிட்டாள். பிறகு நீ வந்தாய், வாயை நன்றாகத் திறந்துகொண்டு. கடைசி அடியை நீ நீட்டிய நீளத்துக்கு வென்டெல் மூச்சுப் பிடித்து உட்கார்ந்திருந்தார். "ஒத்தைப் பல்லும் பிசகலை" என்றார். இதுதான் விமரிசனம்.

நான் அழவில்லை என்று எழுதலாமென்று பார்த்தேன். நீ சரிபார்ப்பாய்.

விளக்கம் கேட்டாய். ஆம், எல்லாம் சோலே சொன்னது. குறட்டை மட்டும் என் சொந்தச் சரக்கு. எனக்கு அந்த நாற்காலியைக் கண்டால் பயம். ஐம்பத்தாறு வயது ஆண்பிள்ளை, எல்லை தாண்டி வந்தவன், வாசல்வரைக்கும் வருவேன், உள்ளே மிஷின் சத்தம் கேட்டதும் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வேன். இதை எழுதும்போது காது சுடுகிறது. ஆனால் ஒன்று, நீ என்னிடம் சத்தியம் வாங்கியது வரிக்கு மட்டும்தான். பல்லைப் பற்றி நான் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை.

உன் தைரியத்தைப் பார்த்தபின் எனக்கும் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். நிச்சயம் உள்ளே போவேன், அவசரம் ஒன்றுமில்லை என்றாலும். மற்றபடி என் பற்களுக்கு ஒரு குறையும் கிடையாது.

அன்புடன்
டெல்மர்

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமையை ஜனவரிக்கு மாற்றியிருக்கிறேன். சோலே பூட்ட மறந்த டப்பாவில் மிச்சமிருந்த கடைசிக் கிராம்பு இப்போது என் இடது கடைவாயில் இருக்கிறது.